பத்தொன்பதாயிரம் காலடிகள்

அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருமே தனியாக இருந்தார்கள்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் பெரிய உருளை இயந்திரத்துக்குப் போய்விடும். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை மட்டும் கையால்தான் தேய்க்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடி வலது கையை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் பேச வாய் இருக்கும், தெம்பு இருக்காது. அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் கரையை ஒட்டி வரும்போது அவருடைய ‘சாப்டியாம்மா’க்கள் ஏழெட்டு மொத்தமாக ஃபோனில் வந்து விழும். மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்குத் தெம்பு இருந்தது, பேச ஆள் இல்லை.

ஆள் இல்லாமல் போன கதை சின்னதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து நாலு பேர் ஒன்றாகச் சுற்றினார்கள். நாலு பேருக்கும் ஃபோனில் ஒரு குரூப். ஒரு நாள் அது ஓய்ந்துபோனது. பரீட்சை நேரம், எல்லோரும் படிக்கிறார்கள் என்று இவள் நினைத்தாள். பிறகு ஒரு மதிய இடைவேளையில் அவர்களில் பக்கத்து பெஞ்சில் இருந்தவளின் தோளுக்கு மேலே தெரிந்த திரையில் பார்த்தாள்: மற்ற மூன்று பேரும் புதிதாக ஒரு குரூப் வைத்து, அதில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் இவளைத் திட்டவில்லை. சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று பாக்கி இருந்திருக்கும்.

பழைய குரூப்பில் கடைசியாகக் கிடந்தது இவள் எழுதியதுதான். ‘நாளைக்கு யாராச்சும் எக்ஸ்ட்ரா காம்பஸ் கொண்டு வர்றீங்களா?’ மூன்று பேரும் படித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமும் பக்கத்திலேயே இருந்தது. நாலு மாதமாக அந்த ஒரு வரியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் அவளுடைய பொழுது. பள்ளி விட்டதும் கட்டில், கட்டிலில் ஃபோன். தூக்கம் வராது, பசிக்காது. ‘என்னடி ஒரு மாதிரி இருக்க?’ என்று அம்மா கேட்பாள். ‘ஒண்ணுமில்ல’ என்பாள். அம்மா அதை நம்பிவிடுவாள் என்று சொல்ல முடியாது. நம்பாமல் இருக்கவும் தெம்பு வேண்டுமே.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு மாணவர்களின் உடல்நலத்தின் மேல் திடீரென்று அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் ஃபோனே கதியென்று கிடக்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரே புலம்பல். அதற்குப் பள்ளி கண்டுபிடித்த மருந்து, ஃபோனோடு சேர்த்து இன்னொன்றையும் கையில் மாட்டிவிடுவது. ஆளுக்கு ஒரு கைப்பட்டை. ஒரு நாளில் எத்தனை அடி நடந்தோம் என்று அது எண்ணும். எண்ணியதை நம் ஃபோனுக்கு அனுப்பும். ஃபோன் பள்ளிக்கு அனுப்பும். வாசலில் பெரிய திரை வைத்து, திங்கட்கிழமைதோறும் பட்டியல் போட்டார்கள். முதல் பத்து பேர் பச்சையில், கடைசிப் பத்து பேர் சிவப்பில். சிவப்பில் மூன்று வாரம் இருந்தால் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வர வேண்டும்.

இவளுடைய கணக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்தைத் தாண்டவில்லை. இரண்டு வாரம் சிவப்பில் தொங்கினாள். வகுப்பில் யாருமே கண்டுகொள்ளாத பெண்ணை இப்போது எல்லோரும் கண்டுகொண்டார்கள். ‘கட்டிலுக்குக் கை முளைச்சிருக்கு பாரு’ என்று ஒருவன் சொன்னதற்குப் பழைய தோழிகள் மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது.

மூன்றாவது வாரம் ஒரு தவறு நடந்தது. காலையில் முகம் கழுவும்போது பட்டையைக் கழற்றிக் குழாயடியில் வைத்தவள் அதை மறந்துவிட்டாள். ஈரத்தில் கிடக்கிறதே, பள்ளிக்கூடத்துச் சாமான் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று அம்மா அதை எடுத்துத் தன் வலது கையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். மாலை அவள் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மகளின் ஃபோன் ‘டிங்’ என்றது. பத்தொன்பதாயிரத்து நானூறு.

இஸ்திரிப் பெட்டி முன்னே போனால் ஓரடி, பின்னே வந்தால் ஓரடி. பட்டைக்கு ஏது கண்? நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நின்றவளை அது பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் நடத்திவிட்டது.

மகள் திரையைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள். “இத நீயே போட்டுக்கோம்மா.”

“எனக்கா? எனக்கெதுக்கு?”

“உன் ஒடம்புக்கு நல்லது. கழட்டவே கழட்டாத.”

அம்மாவின் முகம் மாறியதை அவள் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையிலும் அவள் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் பச்சையில் ஐந்தாவது. அதற்கடுத்த திங்கள் முதலாவது. கட்டில் என்று சொன்னவன் முகத்தில் ஈயாடவில்லை. விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் இதில் கதையே இல்லை. மதியம் அவள் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மூன்று பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். பள்ளியின் ஓட்டக்காரிகள். தலைவியை எல்லோரும் நெட்டை என்பார்கள். குட்டையாக இருந்தவள் பொடி. மூன்றாமவள் வாயைத் திறந்தால் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும் என்பதால் டமாரம்.

“நீதான் அந்த இருவதாயிரமா?” என்றாள் நெட்டை.

நாலு மாதத்தில் பள்ளியில் ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. “ஆமா” என்றுதான் வாயில் வந்தது.

“எங்க ஓடுற?”

“வீட்டுப் பக்கம்.”

“யாரோட?”

“தனியா.” இது ஒன்றாவது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

அவர்களுக்கு நாலாவது ஆள் வேண்டியிருந்தது. நாலு பேர், ஆளுக்கு நானூறு மீட்டர், ஒரு தொடரோட்டம். நாலாவது பெண்ணின் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது. பட்டியலில் முதலில் இருக்கிறவளைப் பிடி என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள் என்ற எண்ணம் அவளை ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டது. இரண்டாவது சுற்றில் கண் இருட்டியது. மூன்றாவதில் வேலியைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள்.

“இருவதாயிரம்னு சொன்ன?” என்றாள் பொடி.

“மெதுவா ரொம்ப நேரம் போவேன். வேகம்தான் பழக்கமில்ல.”

“மெஷினு மெதுவாத்தான்டி சூடாகும்!” என்று டமாரம் கத்தினாள். அன்றிலிருந்து அவள் பெயர் மெஷின்.

பயிற்சிக்கு ஒரு விதி இருந்தது. வந்ததும் ஃபோன்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட வேண்டும். டீச்சர் வாளியை மூடி, அந்த மூடிமேலேயே உட்கார்ந்துகொள்வார். நல்ல கனத்த உடம்பு. அவரை நகர்த்தி ஃபோனை எடுப்பது நடக்கிற காரியமில்லை. முதல் இரண்டு நாள் மெஷினுக்குக் கை நமநமவென்றது. மூன்றாம் நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று தெரிந்தது: நாலாவது சுற்றுக்கு மேல் அந்தக் காம்பஸ் வரி ஞாபகத்துக்கு வருவதில்லை. நெஞ்சு மூச்சுக்கு அடித்துக்கொள்ளும்போது மனசு தன் புலம்பலை நிறுத்திக்கொள்கிறது. துக்கம் எங்கும் போய்விடவில்லை, வீட்டில்தான் இருந்தது. ஆனால் ஒன்றேகால் மணி நேரம் அது அவள்மேல் ஏறி உட்காரவில்லை. பகலில் பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது.

நானூறு மீட்டர் தொடரோட்டத்தில் கோலை வாங்குகிறவள் திரும்பி நின்று, வருகிறவளின் முகத்தைப் பார்க்க வேண்டும். வருகிறவள் களைத்து வருவாள், கை நடுங்கும். வாங்குகிறவள்தான் அதற்கு ஏற்றபடி நகர்ந்து, பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். மெஷின் மூன்றாவது, நெட்டை நாலாவது. ஒவ்வொரு காலையும் கடைசி நாற்பது மீட்டரில், உயிர் போகிற அந்த இடத்தில், நெட்டை அவளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். “வா, வா, வா.” அதற்காகவே மெஷின் ஓடினாள்.

ஆனால் இந்த ஓட்டமெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பட்டையை அவள் கட்டிக்கொண்டால் இருபதாயிரம் ஒரே நாளில் ஒன்பதாயிரமாகிவிடும், குட்டு உடைந்துவிடும். ஆகவே மகள் ஓடினாள், அம்மாவின் கை எண்ணிக்கை வாங்கியது. தினமும் மாலை அவள் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பி, பட்டையில் எண் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அம்மா கையை அவளிடமே விட்டுவைப்பாள்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை அம்மா காய்ச்சலில் விழுந்தாள். மூன்று நாள். காலையில் ஓட்டம், பிறகு பள்ளி, மாலையில் மாத்திரை, வெந்நீர், நெற்றியில் ஈரத்துணி. அந்த அவசரத்தில் மகள் பட்டையை அடியோடு மறந்துபோனாள். அது அம்மாவின் கையிலேயே கிடந்து, அவள் குளியலறைக்குப் போய்வந்த அடிகளை ஒன்றுவிடாமல் எண்ணி, பக்கத்திலிருந்த ஃபோனுக்கு ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்றெண்பது. முந்நூறு.

திங்கட்கிழமை டீச்சர் நாலு பேரையும் நிறுத்தினார். “என்னம்மா இது? மூணு நாளா நீ நகரவே இல்லன்னு காட்டுது.”

மெஷின் வாயைத் திறக்கும் முன்பே டமாரம் முழங்கினாள். “மிஸ், அது காட்டுனா நம்பிடுவீங்களா? வியாழன் எட்டு ரவுண்டு, வெள்ளி ஏழு, சனிக்கிழமை பத்து. நாங்க மூணு பேரும் கூடவே ஓடினோம்!”

“பேண்ட் கெட்டுப்போயிருக்கும் மிஸ்” என்றாள் பொடி.

நெட்டை நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். தேதி, சுற்று, நேரம் எல்லாம் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். மற்ற இருவரையும் போடச் சொன்னாள். பிறகு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், “இவளுக்கு வேற பேண்ட் குடுங்க மேடம். இவ ஓடினதுக்கு நாங்க சாட்சி” என்று தாளை மேஜைமேல் வைத்தாள். தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். சரி, மாற்றித் தரச் சொல்கிறேன் என்றார்.

அவ்வளவுதான். பிரச்சினை தீர்ந்தது. மெஷின் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வராந்தாவில் டமாரம் அவள் தோளில் கை போட்டு, “பயந்துட்டியா?” என்றாள். அப்போதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாரும் இல்லாமல் இருந்ததைத் தாங்கியவளுக்கு, தனக்காக மூன்று பேர் கையெழுத்துப் போட்டதைத் தாங்க முடியவில்லை.

“அந்த பேண்ட் கெடல” என்றாள். “அது எங்கம்மா கையில இருந்துச்சு. மொதல்லேருந்தே. அவங்க இஸ்திரி போடுறவங்க.”

மூன்று பேருக்கும் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்ப அந்த இருவதாயிரம்?” என்றாள் பொடி.

“அம்மாவோடது.”

“எங்ககூட ஓடினது?”

“அது நான்தான். அது நான்.”

டமாரம் கையை எடுத்துவிட்டாள். நெட்டையின் முகம் சிவந்தது. “நான் உள்ள போயி என் கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன்” என்றாள். திரும்பவும் அந்த அறைக்குள் போய், நடந்ததைச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வந்தாள். இவளைப் பார்க்காமலே போனாள்.

போட்டியிலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைச் சேர்த்தார்கள். வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

அம்மா காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “அப்ப நாந்தான் ஸ்கூல்ல ஃபர்ஸ்டா?” இருமல் வரும்வரை சிரித்தாள். இருமி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது.

“தெனம் சாயங்காலம் என் கையப் புடிச்சுப் பாப்பியே. அது இதுக்குத்தானா?”

பொய் சொல்ல மகளுக்கு வாய் வரவில்லை. “ஆமாம்மா.”

“வேலைல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருந்தேன்டி. என் பொண்ணு என் ஒடம்பப் பாத்துக்கறதுக்காகக் குடுத்தான்னு.”

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மகள் எதிரே உட்கார்ந்து அழுதாள். தனியாக இருப்பது தான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, அந்த நினைப்புக்காகவும் சேர்த்து அழுதாள். அம்மா ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பக்கம் நீட்டினாள். இரண்டு பேருமாக மடித்து வைத்தார்கள்.

மறுநாள் அவள் மைதானத்துக்குப் போகவில்லை. அன்று பள்ளி மணி அடிப்பதற்குள் அந்தக் காம்பஸ் வரியைப் பதினாறு தரம் திறந்து பார்த்திருந்தாள். புதன்கிழமை ஆறு மணிக்குப் போனாள். டீச்சர் ஒன்றும் கேட்காமல் எழுந்து வாளியைத் திறந்தார். ஃபோனைப் போட்டதும் மறுபடி உட்கார்ந்துகொண்டார். புதியவளோடு நாலு பேரும் உள்தடத்தில் கோலை வாங்கிக் கொடுத்துப் பழகினார்கள். இவள் வெளித்தடத்தில் ஓடினாள். அவர்கள் தாண்டிப் போவார்கள். மூச்சுச் சத்தம் கேட்கும், பேச்சு வராது. டமாரம்கூடச் சத்தமில்லாமல் போனாள். புதிதாகக் கொடுத்த பட்டை மேஜை இழுப்பறையில் கிடந்தது. திங்கட்கிழமை அவள் பெயர் சிவப்பில் வந்தது. அவள் நின்று பார்க்கவில்லை.

போட்டி சனிக்கிழமை. அன்று காலை பள்ளி மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எட்டு சுற்று ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பதினொரு மணிக்கு ஃபோன் விடாமல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வகுப்புக் குரூப்பில் ஒரு வீடியோ.

நெட்டை திரும்பி நிற்கிறாள். கோல் வருகிறது. வாங்கிய கை வழுக்கி, கோல் உருண்டு அடுத்த தடத்துக்குப் போகிறது. அதை எடுக்க ஓடுகிறாள், கால் சிக்கிக் குப்புற விழுகிறாள், எழுந்து மறுபடி விழுகிறாள். யாரோ அதற்குக் கோமாளிப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, விழுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அவள் நெட்டையைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஐந்தாவது தரம் எடுத்தாள்.

“எங்க இருக்க?”

“டிரஸ் மாத்துற ரூம்ல” என்றாள் நெட்டை. “மிஸ் கதவத் தட்றாங்க. எல்லாரும் பஸ்ல ஒக்காந்திருக்காங்க. நான் வெளிய வர மாட்டேன்.”

“ஃபோனத்தான பாத்துட்டிருக்க?”

“நாலாயிரம் பேர் பாத்துட்டாங்கடி. இப்ப நாலாயிரத்து இருநூறு.”

“எண்ணாத.”

“உனக்கென்ன, நீ…” நெட்டை நிறுத்தினாள். பிறகு, “உன்கிட்டதான் நான் பேசவே இல்லியே” என்றாள். “பத்து நாளா.”

“பன்னண்டு.”

“எண்ணினியா?”

“எண்ணினேன். அதனாலதான் சொல்றேன். அத ஆஃப் பண்ணிட்டு அங்கயே ஒக்காரு. மிஸ்கிட்ட நான் வரேன்னு சொல்லு.”

போட்டி நடந்த மைதானம் நாலு கிலோமீட்டர். சனிக்கிழமைகளில் பஸ் முக்கால் மணிக்கு ஒன்று. அவள் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஷூ நாடாவைக் கட்டினாள்.

“எவ்ளோ நேரமாகும்?” என்றாள் நெட்டை.

“இருவத்தஞ்சு நிமிஷம். நான் மெதுவாத்தான் ஓடுவேன்.”

அவள் எழுந்து கதவைப் பூட்டினாள்.

“வா” என்றாள் நெட்டை.